சரிவு

இந்த நிறுத்துமிடத்தில் எழுபத்திரண்டு கார் நிற்கும்.
என் கூண்டில் ஒரு ஹீட்டர், ஒரு ஸ்டூல்,
கிழித்துக் கொடுக்க மஞ்சள் சீட்டு.
ஹேண்ட் பிரேக் போடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன்.
ஏன் என்று யாரும் கேட்பதில்லை.
பார்வைக்குச் சமதரைதான்.

ஓர் ஆரஞ்சை வைத்துப் பாருங்கள்.
கொஞ்சம் யோசிக்கும்,
பிறகு கிழக்கே உருளும், அவசரமில்லாமல்,
இருட்டில் இருக்கை தேடுகிறவரைப் போல.

ஓரியோல் தியேட்டரை இடித்தவர்கள்
கூரையை எடுத்தார்கள், பால்கனியை இரும்புக்குப் போட்டார்கள்,
ஒரு சிறகு மட்டும் எரிந்த நியான் பறவையை
யாரோ வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.
தரையை மட்டும் நிரவவில்லை.
நிரவ மண் வேண்டும், மண்ணுக்குக் காசு வேண்டும்.
சரிவின் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள்.

எழுபத்தொன்பது, மே.
ஈரி என்று பேர்வைத்த எங்கள் ஏரியில்
அப்போதும் பனிக்கட்டி மிதந்தது.
பக்கச் சுவர் விழுந்ததும் வெயிலில் நின்றது திரை,
அரைமணி நேரம், ஒன்றும் காட்டாமல்.
இடது மூலையில் அந்தத் தையல்.
எவனோ பாட்டில் எறிந்து கிழித்ததை
ஆபரேட்டரின் மனைவி ஏணி போட்டுத் தைத்தாளாம்.
எந்தக் கதாநாயகி அந்தப் பக்கம் வந்தாலும்
கன்னத்தில் தழும்பு.
முத்தம் கொடுக்க வருகிறவன் அதைக் கவனித்ததே இல்லை.

அதற்கும் முன்னால், முப்பத்தாறில்,
செவ்வாய்தோறும் பெண்களுக்கு ஒரு பீங்கான் இலவசம்.
உருக்காலையில் வாரம் இரண்டே நாள் வேலையிருந்த காலம்.
படம் சோகமாகும், மடி தளரும்,
இருட்டில் ஒரு சிலீர்,
போலிஷில் ஒரு வசவு,
மரணக் காட்சியில் மொத்த அரங்கும் சிரிக்கும்.
தட்டு வந்தது, கிண்ணம் வந்தது, நீல விளிம்புக் கோப்பை வந்தது.
சாசர் வருவதற்குள் முதலாளி
கடனுக்குப் பயந்து ஓடிவிட்டார்.
இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்.
டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த யாட்விகா குர்பியெல்
அறுபத்தொன்றில் எங்களுக்கு வீட்டை விற்றபோது
அலமாரியில் ஆறு கோப்பை விட்டுப்போனாள்.
ஒன்றுக்கும் சாசர் இல்லை.
உடைத்துவிட்டு மறைக்கிறாள் என்றே
அம்மா ரொம்ப நாள் நினைத்திருந்தாள்.

என் கணக்கு ஐம்பத்தெட்டில் தொடங்குகிறது.
அலபாமாவிலிருந்து வந்த எங்களிடம்
பஃபலோவில் பலகை எதுவும் கிடையாது என்றார்கள்.
உண்மைதான். பலகை இல்லை.
வாசலில் நிற்கும் பையன்
டார்ச்சை மாடிப்படிப் பக்கம் சாய்ப்பான், அவ்வளவுதான்.
வெளிச்சம் போன பக்கம் போனோம்.
டிக்கெட்டில் ஒரு சென்ட் குறைத்ததில்லை.

மேலே, ஒளி கிளம்பும் துளை எங்கள் தலைக்கு மேல்.
தம்பி ரூஃபஸ் இருக்கையில் ஏறிக் கை நீட்டுவான்.
துப்பாக்கி தூக்கிய குதிரைவீரன் முகத்தில்
ஐந்து கறுப்பு விரல், ஆளுயரத்துக்கு.
கீழே அத்தனை தலைகளும் திரும்பும்.
நான் அவன் சட்டையைப் பிடித்து இழுப்பேன்.
இழுத்திருக்க வேண்டாம் என்று
இப்போது தோன்றுகிறது.

ஜனவரியில், உருகும் பனியெல்லாம் கிழக்கே ஓடி
திரை நின்ற இடத்தில் தேங்கி இறுகும்.
கடைசிக் கார் கிளம்பும்போது
ஹெட்லைட் அந்த வெள்ளையில் விழும்.
சில நாள் நான் கூண்டைவிட்டு இறங்கி
குறுக்கே கை நீட்டுவேன்.
ஓட்டுநர்கள் ஹாரன் அடிக்கிறார்கள்.

போன வாரம் அடுக்குமாடி கட்ட அளக்க வந்தார்கள்.
முக்காலிக் கருவியில் கண்வைத்த பெண், சின்னவள்,
நாலடி இறக்கம் என்றாள், நம்பாமல்.
எந்த முட்டாள் தார் போட்டது இப்படி?

பின்வரிசைக்கும் தெரியத்தான், என்றேன்.

எது தெரிய, என்றாள்.
சொல்ல வாயெடுத்தேன்,
பின்னால் ஒரு பச்சை வேன் நின்றது.
மூன்று டாலர், என்றேன் அவனிடம்.
ஹேண்ட் பிரேக் போடுங்கள்.